ஜெராக்ஸ் கடைத் தம்பி

(பாளையங்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நான் மேடைப் படியேறும்போதே செயலாளர் காதைக் கடித்தார். “அண்ணாச்சி, இன்னைக்குக் கைதட்டு கெடையாது. புடிச்சிருந்தா சனம் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டும். மைக்கும் பாதிச் சத்தந்தான்.” பேச்சாளனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? நாங்கள் என்ன சோற்றுக்கா பேசுகிறோம்? கைதட்டுக்குத்தானே பேசுகிறோம்! எங்கே, ஆட்டுங்கள் பார்ப்போம். ஆகா! கதிர் முற்றிய வயலுக்குள்ளே காற்று புகுந்த மாதிரி இருக்கிறது. இதிலேயும் போதை இருக்கத்தான் செய்கிறது.

கைதட்டு வேண்டாம் என்றதற்குக் காரணம், கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருக்கிற சிலர். காதில் பெரிய ஹெட்போன். திரும்பாதீர்கள்! திரும்பாதீர்கள் என்று சொன்னால்தான் நம் ஊரில் திரும்புவார்கள். முந்நூறு பேர் திடீரென்று கைதட்டினால் அவர்களுக்கு உடம்பு வலிக்கும். மேடை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வலிக்கும். அதில் ஒரு பையனுடைய அம்மா சொன்னார், நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்துக்குப் போனால் அவன் இசைத்தூணில் காதை வைத்துக்கொண்டு நகரவே மாட்டானாம். அவனுக்கா சத்தம் பிடிக்காது? அவனாகத் தேடிப் போகிற சத்தம் வேறு, நாம் அவன் தலையில் கொட்டுகிற சத்தம் வேறு.

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா என்று மூளை வேறு தினுசில் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோர் மனசிலும் ஒரு சின்னப் பிள்ளை வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைக்கு மீசை முளைக்கும். நாற்பது வயசாகும். சர்க்கரை வரும், பி.பி. வரும், மூட்டு வலிக்கும். அப்போது யார் கவனிப்பது? உலக சுகாதார நிறுவனம் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்கிறது. கணக்கு வாத்தியார் யாராவது இருந்தால் சண்டைக்கு வராதீர்கள், நான் நூற்றுச் சொச்சத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். இந்த மண்டபத்துக்குள்ளேயே இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டும். சுவீடன் நாட்டில் 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 16 வருஷம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள். பதினாறு வருஷம்! ஆட்டிசம் ஆளைக் கொல்லாது ஐயா. வலிப்பு கொல்கிறது, நெஞ்சுவலி கொல்கிறது, மனம் வெறுத்துத் தற்கொலை செய்துகொள்கிறார்கள். சுவீடனிலேயே இந்த நிலைமை என்றால் வள்ளியூரிலே எப்படி இருக்கும்?

ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அன்றைக்கு ஒரு விழா நடந்தது. யார் நடத்தியது என்று சொல்ல மாட்டேன். இந்த ஊர்க்காரர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா? நாள் முச்சூடும் நீல விளக்கு, நீலக் கொடி. வரவேற்புக்குச் செண்டை மேளம். வாசலில் பத்தாயிரம் வாலா! யாருக்காக விழா? சத்தம் தாங்காத பிள்ளைகளுக்காக! சிறப்பு விருந்தினர் வரும்வரை அந்தப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவைத்தார்கள். பேனரில் விருந்தினர் முகம் ஆள் உயரம், பிள்ளைகளின் முகம் தபால்தலை அளவு. ஒருவர் மைக்கைப் பிடித்து, “இவர்கள் தெய்வக் குழந்தைகள்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கைக்குட்டையும் நீலம்! சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மேடைக்கு ஒரு தம்பியைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவன். ஆட்டிசம் உள்ளவன். பெயர் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறான், அதனால் தம்பி என்றே சொல்கிறேன். பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தின மறுகணம் அதை உதறி நாற்காலியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான். மறுநாள் டீக்கடையில் என்ன பேச்சு? “மரியாத தெரியாத பய.” அடேயப்பா! ஜரிகை கழுத்தில் உரசினால் அவனுக்கு முள் குத்தின வேதனை. சட்டைக் காலரில் தைத்திருக்கிற லேபிளைக்கூடப் பிளேடால் நறுக்கிவிட்டுத்தான் போட்டுக்கொள்வான். கூப்பிடும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நான் கேட்கிறேன், மரியாதை தெரியாதவர் யார்?

(கைதட்டல்)

ஏ, தட்டாதீங்க! கையை ஆட்டுங்க, ஆட்டுங்க. ஆமாம், அப்படி.

அந்தத் தம்பி யார் என்று சொல்கிறேன், கேளுங்கள். ஒரு தாய், தன் மகனோடு அவன் கடைக்குப் போகிறார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக ஆதார், குடும்ப அட்டை, சான்றிதழ் எல்லாம் நகல் எடுக்க. மகனுக்குப் பதினாறு வயசு இருக்கும், பேச்சு கிடையாது. சில மாதங்களாகக் கன்னத்தைச் சுவரில் மோதிக்கொள்கிறான். ராத்திரி தூக்கம் இல்லை, வீட்டில் யாருக்கும் இல்லை. டாக்டரிடம் காட்டினார்கள். எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அவர் பையன் வாயைத் திறந்தே பார்க்கவில்லை. “ஆட்டிசம்னா இப்படித்தாம்மா இருக்கும்” என்று தூங்குவதற்கு மாத்திரை எழுதினார். அடுத்த தடவை மாத்திரையைக் கூட்டினார். பையன் உடம்பு பெருத்ததுதான் மிச்சம். கன்னத்தை மோதிக்கொள்வது நிற்கவில்லை. தெய்வக் குழந்தைக்குப் பல் வலிக்காது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது!

நகல் எடுத்துக்கொண்டே, முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இந்தத் தம்பி சொல்கிறான்: “எக்கா, அவனுக்கு இடது பக்கம் கீழ்ப்பல்லு. அங்கதான் அடிக்கான். ஐஸ் தண்ணிய வேண்டாம்னு தள்ளுதான். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஆறு காப்பி, ஆறு ரூவா.”

அவ்வளவுதான். மறுநாள் பல் டாக்டரிடம் போனார்கள். இடது கடைவாய்ப்பல் வேர்வரை சொத்தை, அடியில் சீழ். பிடுங்கினார்கள். பையன் அன்றைக்கு ராத்திரி தூங்கினான். எத்தனை பட்டம் படித்தவர்கள் பார்த்தார்கள்? கண்டுபிடித்தது யார்? அதே வலியை அனுபவித்தவன்!

அதோடு அவன் விடவில்லை. கடையிலேயே உட்கார்ந்து ஒரு தாள் அடித்தான். டாக்டரிடம் போகும்போது கொடுக்க ஒரே ஒரு பக்கம். என் சட்டைப்பையில் இருக்கிறது, வாசிக்கிறேன். “தொடும் முன் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. நான் பதில் சொல்ல அரை நிமிஷம் ஆகும், அதற்குள் அடுத்ததைக் கேட்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது, உடம்புப் படத்தைக் காட்டுங்கள், தொட்டுக் காட்டுகிறேன். டியூப்லைட் மினுக்கினால் அணையுங்கள். வலித்தால் எனக்குச் சிரிப்பு வரும். நம்புங்கள்.”

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். வலித்தால் சிரிப்பு வரும். எந்தப் பாடப்புத்தகம் ஐயா இதை நமக்குச் சொல்லிக்கொடுக்கும்?

அமெரிக்காவிலே போர்ட்லாண்ட் என்று ஓர் ஊர். 2006-லிருந்து அங்கே ஒரு குழு வேலை செய்கிறது. தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிறிஸ்டினா நிக்கோலைடிஸ் என்ற மருத்துவர். இன்னொருவர் டோரா ரேமேக்கர், இவர் ஆட்டிசம் உள்ள ஆராய்ச்சியாளர். ஆட்டிசம் உள்ளவர்களை ஆய்வில் கூட்டாளியாக உட்காரவைத்தார்கள். அவர்கள் உருவாக்கியது என்ன தெரியுமா? டாக்டரிடம் கொடுக்க ஒரு தாள்! பெரிய படிப்புப் படித்து, நிதி வாங்கி அவர்கள் போட்ட தாளை, நம் தம்பி ஒரு ரூபாய் ஜெராக்ஸில் போட்டான்.

நம் பாளையங்கோட்டையில்தான் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காது கேளாத பிள்ளைகளுக்கு ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் பள்ளிக்கூடம் தொடங்கினார். தென்னிந்திய ஆக்ஸ்போர்டு என்று மார்தட்டுகிறோமே, அந்த அம்மையாருக்கு இன்றைய தேதியில் என்ன கைம்மாறு செய்தோம்? சரி, டாக்டர் கேட்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் ஆலிவர் மெக்கோவன் என்று ஒரு பையன். ஆட்டிசம் உண்டு, வலிப்பு உண்டு, லேசாகக் கற்றல் குறைபாடு உண்டு. 2016-இல் வலிப்போடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மனநோய்க்குக் கொடுக்கிற மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அந்தப் பையனே சொன்னான். பெற்றவர்களும் சொன்னார்கள். கேட்கவில்லை. கொடுத்தார்கள். மூளை வீங்கி இறந்துபோனான். வயசு 18. அவன் தாய் பாலா மெக்கோவன் அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. தெருத்தெருவாக, நாடாளுமன்றம்வரை போனார். 2022-இல் சட்டம் வந்தது. அங்கே மருத்துவத் துறையிலும் பராமரிப்புத் துறையிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி கட்டாயம். அந்தப் பையன் பெயரிலேயே பயிற்சி. பாடம் நடத்துகிறவர்களில் ஆட்டிசம் உள்ளவரும் கற்றல் குறைபாடு உள்ளவரும் இருக்கிறார்கள், சம்பளத்தோடு! பொன்னாடையோடு அல்ல, சம்பளத்தோடு!

ஆகா, இந்தத் தடவை ஒருத்தரும் தட்டவில்லை. பழகிவிட்டீர்கள்.

தாய் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பார்த்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு பல வருஷம் அங்கே படித்த மேதைகள் என்ன சொன்னார்கள்? அம்மாவிடம் பாசம் இல்லை, அதனால்தான் பிள்ளை இப்படி என்றார்கள்! பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற தகப்பன், 1964-இல் புத்தகம் எழுதி அந்தப் பொய்யை உடைத்தார். அங்கே உடைந்தது, இங்கே உடைந்ததா? கல்யாண வீட்டுப் பந்தியில் கேளுங்கள். “ஏட்டி, நீ போனக் கையில குடுத்த, அதான் புள்ள பேசல.” “மாசமா இருக்கையில ஒழுங்கா சாப்பிட்டியா?” இலை போட்ட இடத்திலேயே எழுந்து போன தாய்மார்களை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் வேறு ஒட்டுகிறான், “ஆறே மாதத்தில் பூரண குணம்.” அவனைப் பிடிக்க ஆள் இல்லை. தம்பி சால்வையை உதறினதைப் பேச மட்டும் ஊரே இருக்கிறது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகையைப் பட்டியல் போட்டது. ஆட்டிசம் உண்டு, டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உண்டு. ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, அது ஒரு மனக்குறை எனக்கு. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்தில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர்களுக்கும் பங்கு. நிராமயா என்று ஒரு லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. முன்வரிசைத் தாய்மார்களே, யார் யாருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். நான்கு பேர். பார்த்தீர்களா?

2025 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டம். ஊராட்சிகளே பன்னிரண்டாயிரத்துக்கு மேல். நல்ல சட்டம், கைகூப்புகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஆயிரக்கணக்கான நாற்காலிகளில் ஆட்டிசம் உள்ளவர் எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள்? மன்றக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிக் கத்துகிறார்களே, அந்தக் கூச்சலில் நம் தம்பி அஞ்சு நிமிஷம் உட்கார முடியுமா? பேசாமல் போனில் டைப் அடித்துத் தன் கருத்தைச் சொன்னால் நடவடிக்கைக் குறிப்பில் ஏறுமா? நாற்காலி போட்டாயிற்று, அவன் உட்காருகிற மாதிரி அறையையும் மாற்றுங்கள் என்கிறேன்.

மணி அடித்துவிட்டார் தலைவர். முடிக்கிறேன்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுக்கப்போகிற மனு இந்த மண்டப வாசலில் ஒரு மேஜையில் இருக்கிறது. கேட்பது நான்கே விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் இவர்களுக்கு முதல் டோக்கன். காத்திருக்க ஓர் அமைதியான அறை. தம்பியின் தாளை நீட்டினால் டாக்டர் வாங்கிப் படிக்க வேண்டும். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் பயிற்சி, நடத்துவது ஆட்டிசம் உள்ளவர்கள், அதற்குச் சம்பளம். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள், டீ குடித்துவிட்டுப் போடலாம் என்று நழுவாதீர்கள். பெயருக்குக் கீழே போன் நம்பரும் எழுதுங்கள். இன்னொன்று, செயலாளரே, அந்த மனுவை 200 நகல் எடுத்துக் கொடுத்தது தம்பிதான். பில் போட்டுக் கொடுத்திருக்கிறான், 200 ரூபாய். இன்னும் பாக்கி நிற்கிறதாம். போகும்போது கொடுத்துவிடுங்கள்.