கூதிர்ப் பருவத்தில் முதியோர் நலமும் மனைக் காப்பும்

(தசலட்சண விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



பண்டைத் தமிழர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். வடபுலத்தார் சரத்காலம் என்று தெளிந்த வானத்தைப் பாடும் அதே நாள்களில், மதுரைச் சமவெளியில் வானம் இருள்கிறது. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கிறது. பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை வெயிலில் காய்ந்து வெடித்த மதுரையின் மாடித் தளங்களும் சுவர்களும் ஐப்பசியின் முதல் பெருமழையைத் திடீரென எதிர்கொள்கின்றன. அந்த வீட்டுக்குள் தனித்து வாழும் எழுபது, எண்பது வயதுப் பெற்றோரும் அவ்வாறே எதிர்கொள்கின்றனர்.

இங்கே சமணர் கருதத்தக்க ஒரு நுட்பம் உண்டு. துறவியர் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசியம் ஆடியில் தொடங்கிக் கார்த்திகை அளவில் நிறைவுறுகிறது. வடநாட்டின் மழைக்காலத்துக்கு ஏற்ப அமைந்த கணக்கு அது. மதுரையிலோ சாதுர்மாசியம் முடியும் வேளையில்தான் மழை முழு வலிமை பெறுகிறது. ஆகவே மழைக்கால ஒழுக்கங்கள் முடிந்துவிட்டன என்று இல்லறத்தார் கைகழுவும் நாளே, முதியோர் இல்லங்களுக்குக் கூடுதல் காவல் வேண்டிய நாளாகும்.

இவ்வுண்மையை மதுரையின் பழஞ்சமணர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அந்நகரைச் சூழ்ந்த குன்றுகளே சான்று. மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருப்பரங்குன்றம், அழகர்மலை, முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம் ஆகிய இடங்களில் உள்ள இயற்கைக் குகைத்தளங்களை ஊன்றி நோக்குவோர் இரண்டு வேலைப்பாடுகளைக் காண்பர். ஒன்று, தலைப்பக்கம் சற்றே உயர்த்தி, வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கை. மற்றொன்று, குகையின் நெற்றியில் குறுக்காக வெட்டிய காடி. பாறையின் மேல் வழிந்து வரும் மழைநீர், வளைந்த விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கும் இயல்புடையது. காடி அந்நீரின் பிடியை அறுக்கிறது. நீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுகிறது. இன்றைய வீடுகளின் சன்ஷேடு அடிப்பக்கத்தில் நல்ல கொத்தனார் விடும் சிறு காடியும் இதே தொழிலையே செய்கிறது.

1882ஆம் ஆண்டில் இராபர்ட் சூவெல் கண்டறிந்த மாங்குளக் கல்வெட்டுகளைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். கணிநந்தன் என்னும் சமண ஆசிரியர்க்கு நெடுஞ்செழியனின் பணியாளர் பள்ளி அமைத்ததை அவை சொல்கின்றன. வெள்ளறை வணிகக் குழுவினரின் கொடையையும் குறிக்கின்றன. அழகர்மலைக் கல்வெட்டுகளிலோ பொன், உப்பு, கொழு, துணி ஆகியவற்றோடு தொடர்புடைய தொழிலோரும் வணிகரும் கொடையாளராக நிற்கின்றனர். கற்படுக்கையில் கிடந்தவர் துறவி. அதனை அமைத்துக் கொடுத்தவர் இல்லறத்தார். மூத்தோரின் உறைவிடத்தில் மழை ஒழுகாமல் காப்பது இல்லறத்தாரின் கடன் என்பது இங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

இக்கடனுக்குச் சமண நூல்கள் தந்த பெயர் வையாவிருத்தியம். மூத்தோர்க்கும் நோயுற்றோர்க்கும் செய்யும் தொண்டு அகத்தவம் ஆறனுள் ஒன்று. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் இதனை இல்லறத்தார் ஏற்கும் சிக்ஷா விரதங்களுள் ஒன்றாகவே வைக்கிறது. தவத்தையும் தொண்டையும் மழைக்கு முந்திய இந்நாள்களில் எவ்வாறு செயலாக்குவது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் கூரை. மாடியில் தங்கியுள்ள வேப்பிலையும் பூவரச இலையும் வடிகுழாயின் வாயை அடைத்துவிட்டால், ஒரே இரவில் மாடி குளமாகும். ஐப்பசி பிறப்பதற்கு முன் குழாய்களைத் துப்புரவு செய்து, ஒவ்வொன்றிலும் இரண்டு குடம் நீர் ஊற்றி, அது தடையின்றி இறங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். தட்டோடு பதித்த தளங்களில் ஓடுகளின் இணைப்பும், கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையும் வெடிப்புக்கு இடமானவை. மழை பெய்தபின் பூசிய கலவை பிடிக்காது. வெயில் உள்ள புரட்டாசியே அதற்குரிய காலம். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு பல வீடுகளில் மண் தூர்ந்து கிடக்கிறது. அதன் கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவி மீண்டும் இடுதல் நன்று. இவை எவற்றுக்கும் முதியவர் ஏணி ஏறுதல் கூடாது. இளையோர் ஏறுக, அல்லது ஆள் அமர்த்துக.

இரண்டாவது மின்சாரம். ஈரச் சுவரில் கசியும் மின்சாரம் பேராபத்து. 30 மில்லி ஆம்பியர் அளவில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் வீட்டில் உள்ளதா என்றும், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். தண்ணீர் மோட்டாரின் வயரும், குளியலறை ஹீட்டரின் எர்த் இணைப்பும் எலக்ட்ரீஷியனின் கண்ணில் ஒருமுறை படட்டும்.

மூன்றாவது தரை. முதுமையில் இடுப்பெலும்பு முறிவு என்பது பலருக்கு நடமாட்டத்தின் முடிவாகிவிடுகிறது. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு சிறு வழுக்கல். குளியலறையில் சுவரோடு உறுதியாகத் திருகிய கைப்பிடி, சொரசொரப்பான தரை, இரவில் அணையாத சிறு விளக்கு ஆகியவை மலிவானவை. அவற்றால் வரும் பயனோ பெரிது. இரவில் எழுவோர் கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் அமர்ந்து, பின் நிற்றல் தலைச்சுற்றலைத் தவிர்க்கும். சாமாயிகத்துக்குத் தரையில் அமர்ந்து எழ இயலாதவர் நாற்காலியில் அமர்வதால் தியானத்தின் பயன் குறைவதில்லை. கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கும் ஏனைய குன்றுகளுக்கும் வழிபடச் செல்லும் விருப்பம் போற்றத்தக்கதே. எனினும் ஈரப் பாறை இளையோரையும் வீழ்த்தும். முதியோர் அடிவாரத்தில் நின்று வணங்குதல் சாலும்.

நான்காவது கொசு. இங்கேதான் சமண இல்லங்களில் உண்மையான தடுமாற்றம் எழுகிறது. உயிர்க்கொலை விலக்கிய குடும்பம் கொசுவை என்ன செய்வது? டெங்கு கண்ட மூதாட்டியை மருத்துவமனையில் கிடத்திவிட்டு இவ்வினாவை எழுப்புவது காலங்கடந்த செயல். மழைக்கு முன்பே எழுப்பினால் அதற்கு அகிம்சை வழியிலேயே விடை உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதன்று. வீட்டினுள்ளும் புறத்தும் தேங்கிய தெளிந்த நீரை நாடுவது, பகலில் கடிப்பது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். நீரே தேங்காத இடத்தில் அவ்வுயிர் தோன்றுவதில்லை. தோன்றாத உயிரைக் கொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஆகவே உடைந்த சட்டி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டியின் தட்டு ஆகியவை மழை தொடங்குமுன் அகற்றப்படுக, அல்லது கவிழ்க்கப்படுக. மேல்நிலைத் தொட்டிக்கும் தரைத்தொட்டிக்கும் இடைவெளியற்ற மூடி வேண்டும். புழங்கும் குடங்களையும் வாளிகளையும் வாரம் ஒருமுறை காலிசெய்து, உட்சுவரைத் தேய்த்துக் காயவைத்தல் வேண்டும். சன்னலுக்கு வலையும், பகலுறக்கத்துக்குக் கொசுவலையும் உயிர் எதனையும் வருத்தாத காவல்கள். கருதிச் செய்யும் சங்கற்ப இம்சை வேறு, இல்லம் பேணுவதில் தவிர்க்க இயலாமல் நேரும் ஆரம்ப இம்சை வேறு என்று இல்லறத்தார்க்கு ஆசாரியர் வகுத்தனர். முன்கூட்டிச் செய்யும் துப்புரவு அந்த இரண்டாவதையும் குறைக்கிறது. சோம்பலே இம்சையைப் பெருக்குகிறது.

மழையில் வளையிழந்த பாம்பு வீட்டருகே வருதலும் உண்டு. செங்கல் குவியலையும் விறகு அடுக்கையும் சுவரை விட்டு நீக்கினால் அது தங்காது. வந்துவிட்டால் அடிக்க வேண்டா. தீயணைப்பு மீட்புப் பணியினரை அழைத்தால் அவர்கள் பிடித்துச் செல்வர்.

காய்ச்சல் கண்டால் முதியோர் மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்குதல் கூடாது. டெங்குவாக இருப்பின் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் குருதிக் கசிவை மிகுவிக்கக் கூடும். இதயநோய்க்காக நாள்தோறும் ஆஸ்பிரின் உண்போர் அதனை மருத்துவரிடம் உடனே சொல்லுதல் வேண்டும். காய்ச்சல் தணிந்தவுடன் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுவதும் பிழை. தணியும் அந்நாளிலேயே கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் குருதி, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றலாம். தோன்றின் 108 ஊர்தியை அழைக்கத் தயங்கற்க.

ஐந்தாவது உணவும் நோன்பும். நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுதல், மழைக்காலத்தில் கீரை தவிர்த்தல், பொழுது சாய்ந்தபின் உண்ணாமை ஆகிய சமண ஒழுக்கங்கள் உயிர்களுக்குக் காப்பு. அவற்றுள் காய்ச்சிய நீர், குழாய் நீர் கலங்கும் பருவத்தில் உண்போர்க்கும் நேரே காப்பாகிறது. எனினும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். நவம்பரில் மதுரையில் மாலை 6 மணியளவில் கதிரவன் மறைகிறான். மறுநாள் காலை 6 மணிக்குப் பின்னரே எழுகிறான். ஐந்தரை மணிக்கு உண்டவர் மறுநாள் உண்பதற்குள் 13 மணி நேரம் கடக்கிறது. இன்சுலின் இட்டுக்கொள்வோர்க்கும், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உண்போர்க்கும் இந்த இடைவெளியில் குருதிச் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே இறங்கக் கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். உறக்கத்தில் நேர்ந்தால் அருகில் உள்ளவரும் அறியார். நீரும் அருந்தாத உபவாசம், சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்ணும் முதியவரின் சிறுநீரகத்தை வருத்தும்.

இதற்காக விரதத்தைக் கைவிடச் சொல்வதன்று நோக்கம். மருத்துவரிடம் விரதத்தை மறைக்க வேண்டா என்பதே. உணவு நேரத்தைச் சொன்னால், மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றியமைக்க இயலும். பல முதியோர் மருத்துவர் தடுத்துவிடுவார் என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. பிள்ளைகளும் பெரியவரின் வைராக்கியத்தை மதிப்பதாக எண்ணி வாளா இருந்துவிடுகின்றனர். தீர்த்தங்கர நிலைக்கு ஏதுவாகிய பதினாறு பாவனைகளுள் தவத்தைச் சொல்லும்போதே, சக்திக்கு ஏற்ற தவம் என்றுதான் நூல் சொல்கிறது. உடலின் ஆற்றலை அளந்து நோற்பது தளர்ச்சியன்று, அதுவே விதி. முப்பது வயதில் ஏற்ற நோன்பை எண்பது வயதில் குருவின் இசைவோடு மாற்றிக்கொள்பவர், தவத்தின் முதற்சொல்லைக் கடைப்பிடிப்பவரே ஆவர்.

இறுதியாக, இவையனைத்தையும் செய்வது யார் என்னும் வினா. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். அடுக்ககங்களிலும் முதியோர் குடியிருப்புகளிலும் வாழும் பெற்றோர், தொலைபேசியில் எல்லாம் நலமே என்கின்றனர். ஒழுகும் மூலைக்குக் கீழே வாளியை வைத்துக்கொண்டும் அவ்வாறே சொல்வர். பிள்ளைக்குக் கவலை தரலாகாது என்னும் அன்பு அது. அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது மகனுக்கும் மகளுக்கும் எளிது. அதனைத் தாண்டி ஒருவர் நேரில் சென்று பார்த்தல் வேண்டும்.

எனவே ஒவ்வொரு குடும்பமும், தன் பெற்றோர் இல்லம் தவிர, அருகில் தனித்து வாழும் ஒரு முதியவரின் இல்லத்தையும் ஏற்றுக்கொள்வது தக்கது. ஐப்பசி முதல் நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மாடி, வடிகுழாய், தொட்டி மூடி, மின்கசிவுத் தடுப்பான், குளியலறைக் கைப்பிடி ஆகிய ஐந்தையும் பார்த்துவிடலாம். உண்ணும் மருந்துகளின் பெயர், மருத்துவரின் எண், அருகில் உள்ளவரின் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். பிறகு மார்கழி வரை வாரம் ஒருமுறை சென்று, கால்மணி நேரம் அமர்ந்து பேசி வரலாம். மழைநாளில் அடைபட்டுக் கிடக்கும் முதியவர்க்கு அந்தக் கால்மணி நேரப் பேச்சும் ஒரு மருந்தே.

அழகர்மலையில் கொடை செய்த உப்பு வணிகர் எத்தனை நோன்பு நோற்றார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. துறவியர் நனையாமல் உறங்க இடம் தந்தார் என்பதை மட்டும் அது சொல்கிறது. இவ்வாண்டின் மழைக்கு முன் அத்தகைய ஓர் அறம் ஒவ்வோர் இல்லத்தின் கணக்கிலும் சேர்க.

அறம் வளர்க. ஜெய ஜினேந்திர!