திரை திரும்பினால் திகைக்க வேண்டாம்



கோல சிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று நம் வட்டாரத்துத் தோட்டங்களில் கணினி இன்று புதிய பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் வீடு தேடி வந்தது. 2021ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 ஏழை மாணவர்களுக்குக் கணினி வழங்கும் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்படிக் கிடைத்ததும் உண்டு; அப்பாவும் அம்மாவும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியதும் உண்டு. எப்படி வந்தாலும், ஒரு வீட்டுக்கு ஒன்று என்பதே பெரும்பாலும் நிலைமை. அதைப் பிள்ளைகள் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கணினியின் திரை ஒரு நாள் திடீரென்று தலைகீழாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் கால் மேலாக நிற்கின்றன. பெற்றோர் விடியற்காலையிலேயே பெரட்டுக்குப் போய்விட்டார்கள். பிள்ளை என்ன செய்யும்? கணினியைக் கெடுத்துவிட்டோம், அடி விழும் என்று பயந்து, அதை மூடி அலமாரியில் வைத்துவிடும். கேட்டால், "இன்றைக்குப் பாடம் இல்லை" என்று சொல்லும். இரண்டு நாள் கழித்து உண்மை தெரிந்ததும், பட்டணத்துக் கடைக்குப் பேருந்து ஏறவேண்டும். பழுது பார்க்கும் கூலியும் கொடுக்கவேண்டும். போன பாடமோ போனதுதான்.

இத்தனைக்கும் அந்தக் கணினியில் ஒரு பழுதும் இல்லை. இதைத்தான் இன்று நான் விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் அடையாளம் சொல்கிறேன். திரையில் கீறல், மை சிந்தியது போன்ற கறுப்புத் திட்டு, குறுக்கும் நெடுக்குமான கோடுகள் இருந்தால் அது பழுது, கடைக்குத்தான் போகவேண்டும். எழுத்தும் படமும் தெளிவாக இருந்து, திசை மட்டும் மாறியிருந்தால், அது பழுதன்று. கணினிக்கு யாரோ "திரும்பு" என்று கட்டளை இட்டிருக்கிறார்கள், அது திரும்பியிருக்கிறது. இட்ட கட்டளையை நாமே மாற்றி இடலாம்.

யார் இட்டது? பெரும்பாலும் பிள்ளையின் கைகள், அறியாமல். விசைப்பலகையின் கீழ் வரிசையில் இடப்பக்கம் பாருங்கள். கண்ட்ரோல் என்ற விசை மூலையிலோ, மூலைக்கு அடுத்தோ இருக்கும். அதே வரிசையில் சற்றுத் தள்ளி ஆல்ட் என்ற விசை. வலப்பக்கம் கீழே நான்கு அம்புக்குறிகள். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி கீழ்நோக்கிய அம்பைத் தட்டினால், இண்டெல் நிறுவனத்தின் வரைகலைப் பகுதி கொண்ட பல கணினிகளில் திரை தலைகீழாகும். இடது அம்பும் வலது அம்பும் திரையைப் பக்கவாட்டில் சாய்க்கும். விளையாட்டு மும்முரத்தில் இரண்டு கைகளும் இந்த இடங்களில் படுவது எளிது அல்லவா?

மருந்தும் அங்கேயே இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு, மேல்நோக்கிய அம்பை ஒரு முறை தட்டுங்கள். திரை நேராகிவிடும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத தாய்மாரும், விசைகளின் இடத்தைக் கண்ணால் பழகிக்கொண்டால், இதைச் செய்யலாம்.

புதிய கணினிகள் பலவற்றில் இந்தக் குறுக்குவழி வேலை செய்வதில்லை. அப்போது வேறு வழி உண்டு. விண்டோஸ் கணினியானால், முகப்புத் திரையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, டிஸ்பிளே செட்டிங்ஸ் என்பதைத் திறக்கவேண்டும். அங்கே டிஸ்பிளே ஓரியண்டேஷன் என்ற இடத்தில் லேண்ட்ஸ்கேப் என்ற முதற்சொல்லைத் தேர்ந்தெடுத்து, கீப் சேஞ்சஸ் என்பதை அழுத்தவேண்டும். திரை தலைகீழாக இருக்கையில் சுட்டி எதிர்ப்பக்கம் ஓடுவதுபோல் தோன்றும். அவசரப்படாமல் மெல்ல நகர்த்துங்கள். தவறானதைத் தேர்ந்தெடுத்தாலும் கவலை இல்லை. நீங்கள் உறுதி செய்யாவிட்டால், 15 விநாடியில் கணினி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

லேண்ட்ஸ்கேப் என்றால் நிலக்காட்சிப் படம்போல் அகலமானது. போர்ட்ரெய்ட் என்றால் ஓர் ஆளின் படம்போல் உயரமானது. நம் வீட்டுச் சுவரிலே கல்யாணத்தில் எல்லாரும் வரிசையாக நின்று எடுத்த படம் அகலம். தாத்தா தனியாக நிற்கும் படம் உயரம். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் போதும்.

பள்ளிகளுக்கு 2013ஆம் ஆண்டு முதல் வந்த குரோம்புக் கணினிகளில் முறை வேறு. கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு, மேல் வரிசையில் வட்டமாக வளைந்த அம்புள்ள விசையைத் தட்டவேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் திரை கால் வட்டம் திரும்பும். நேராகும்வரை தட்டலாம். தட்டைக் கணினியும் கைப்பேசியும் நாம் சாய்த்தாலே திரும்பும். கொத்தனாரின் தூக்குக்குண்டு கீழ்த்திசையைக் காட்டுவதுபோல, பூமியின் ஈர்ப்பை உணரும் ஒரு சிறு கருவி அவற்றினுள் இருக்கிறது. திரும்பவேண்டாம் என்றால், திரையை மேலிருந்து கீழே இழுத்து, ஆட்டோ ரொட்டேட் என்பதை நிறுத்திவிடலாம்.

சரி, திரை ஏன் திரும்பவேண்டும் என்று கேட்பீர்கள். புத்தகத்தின் பக்கம் உயரமானது, திரையோ அகலமானது. நீண்ட பக்கத்தை முழுமையாகப் படிக்க, உயரமான திரையே வசதி. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தார் உருவாக்கிய ஆல்ட்டோ என்ற கணினிக்குத் தாளைப்போல உயரமான திரையே இருந்தது. ஆகவே திரும்புவது குற்றமன்று. அது ஒரு வசதி.

பெற்றோர்களே, பால்மரம் வெட்டக் கற்ற நாளில் உங்கள் கத்தியும் மரத்தில் ஆழமாகப் பட்டிருக்கும். பட்டையில் விழுந்த காயத்தை மறுகணமே அழிக்க முடியாது. திரையில் ஏற்பட்ட இந்த மாற்றத்தையோ ஒரே தட்டில் அழிக்கலாம். இதற்காகப் பிள்ளையை அடித்தால், அடுத்த முறை அது உண்மையை மறைக்கும். கணினியைத் தொடவே அஞ்சும். "என்ன விசையைத் தொட்டாய்? வா, சேர்ந்து பார்ப்போம்" என்று கேளுங்கள். மாணவர்களே, நீங்களும் நடந்ததை அன்றே வீட்டில் சொல்லுங்கள். சரிசெய்த முறையைத் தம்பி தங்கைக்கும் பக்கத்து வீட்டுக்கும் கற்றுக்கொடுங்கள். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

தொகுத்துச் சொல்கிறேன்: எழுத்து தெளிவாக இருந்தால் பழுதில்லை. கண்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு. அது பலிக்காவிட்டால் டிஸ்பிளே செட்டிங்ஸ். அதற்கும் பிறகுதான் கடை.