பழைய மெசினைக் கொடுத்துப் பழைய மெசின் எடுக்கலாமா?

(திருகோணமலை லிங்கநகரில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேச வந்தது ஒரு சல்லி விஷயம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கு, கிழக்குப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. மலையில் இருக்கிற சொந்தத்துக்கும் இந்தப் பக்கத்துச் சொந்தத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கத்தான் செய்யும். "ஒங்க லேண்ட்மாஸ்டரக் குடுத்துட்டு, மேல கொஞ்சம் சல்லி போட்டா, இங்க நல்ல மெசின் ஒண்ணு இருக்கு மாமா" என்று பேச்சு வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த 'மேல கொஞ்சம்' எங்கிருந்து வருகிறது? பல வீட்டில் அது சேமலாப நிதிக் காசு. ஆண்களுக்கு 55 வயதில், பெண்களுக்கு 50 வயதில் கைக்கு வருவது. கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பிடித்த கை சேர்த்தது. போனால் திரும்ப வராது.

ஆகவே மாற்றுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேணும்.

முதலாவது, நம்முடைய மெசின். அதன் குறை நமக்குத் தெரியும். எந்த பெல்ட் தேய்ந்தது, எந்த கியர் நழுவுது என்று இருட்டிலும் சொல்லுவோம். தெரிந்த குறைக்கு ஒரு விலை உண்டு. தெரியாத குறைக்கு விலை கிடையாது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். நம்முடையதைத் திருத்த 70,000 ரூபாய் ஆகும் என்று பாஸ் சொல்கிறார். மாற்றினால் மேல்காசு 200,000. வந்த வண்டிக்கு டயர், பெல்ட், பெயர் மாற்றம் என்று இன்னும் 60,000. வித்தியாசம் 190,000. புது மெசின் ஒரு ஓட்டத்துக்கு 1,000 ரூபாய் கூடுதலாக மிச்சம் தந்தாலும், 190 ஓட்டம் ஓடினால்தான் அந்தக் காசு திரும்பும். அத்தனை ஓட்டம் நம் தோட்டத்தில் கிடைக்குமா? இதை வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இரண்டாவது, பாதை. லேண்ட்மாஸ்டரில் இடப்பக்கப் பிடியை அமுக்கினால் இடது சக்கரத்துக்கு எஞ்சின் பலம் நின்றுவிடும். வலது சக்கரம் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். இது சமதளத்தில். இறக்கத்தில் பெட்டி நிறையப் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது, விடுபட்ட இடது சக்கரம் வேகமாக உருண்டு, வண்டி வலப்பக்கம் திரும்பும். மலைப் பாதையில் இது உயிர் போகிற காரியம். ஒரு லேண்ட்மாஸ்டரைக் கொடுத்து இன்னொன்று எடுத்தாலும் இந்தக் குணம் மாறாது. சரிவில் பாரம் ஏற்றுவதுதான் வேலை என்றால், நல்ல பிரேக் உள்ள நாலு சக்கர மெசினாகப் பாருங்கள். மெசி பெர்குசன் 135 என்பது 1964 இல் வந்த மாடல், இன்னும் ஓடுகிறது. வயசு மட்டும் பார்த்து ஒதுக்க வேண்டாம். சாமான் பக்கத்துக் கராஜில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மூன்றாவது, எதிராளியின் மெசின். கடற்கரையில் ஓடியதென்றால் பெட்டிக்கு அடியிலும் சேசிஸிலும் உப்புக் காற்றின் துரு இருக்கும். மேலே அடித்த பெயின்ட்டை நம்பாதீர்கள். கந்தளாய், மூதூர் வயலில் உழுததென்றால் சேறும் தண்ணீரும் சீல் வழியாக உள்ளே போயிருக்கலாம். கியர் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மலையில் ஓடியதென்றால் கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். நாம் போகும்போது எஞ்சின் சில்லென்று இருக்க வேணும். தொட்டால் சுட்டால், மறுநாள் விடியக்காலையில் வருகிறோம் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணி, பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை ஏர் ஃபில்டர் அடைப்பாகவும் இருக்கலாம். அது சின்னச் செலவு.

விலை பேசும்போது இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதால் பழைய வண்டிக்கெல்லாம் விலை ஏறியது. 2025 இல் இறக்குமதி படிப்படியாகத் திறந்தது. அந்த வருஷங்களில் கேட்ட விலையை மனதில் வைத்துப் பேரம் பேச வேண்டாம். இன்றைய விலையை இரண்டு, மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

கடைசியாகப் புத்தகம். சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேணும். லீசிங் கம்பெனியின் பெயர் அதில் இருந்தால், கடன் முடிந்து பெயர் நீங்கும்வரை காசு கொடுக்காதீர்கள். 'ஓப்பன் பேப்பர்' எடுக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். நாம் கொடுத்த மெசின் நம் பெயரிலேயே ஓடி எங்காவது மோதினால், பொலிஸ் தேடி வருவது நம் லயத்துக்குத்தான்.

மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வேலை மாறியிருந்தால், பாதை கேட்டால், கணக்கு ஒத்துவந்தால் தாராளமாக மாற்றுங்கள். "பக்கத்து லயத்துக்காரன் மாத்திட்டான்" என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். மேல்காசு கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தள்ளிப் போடுங்கள். நல்ல மெசின் ஒரு ராத்திரியில் கெட்டுப்போகாது.