கனநீரும் பொய்நீரும்



"நீரின் இயல்பையே மாற்றித் தருகிறோம்" என்று கூறி, சில மின்கருவிகளை நம் குடியிருப்பின் வாயிற்படிக்கே கொண்டுவந்து விற்கின்றனர். நீர் மாறக்கூடியதா? மாறியதை எவ்வாறு அறிவது? இவ்விரண்டையும் நாம் சற்று ஆராய்வோம்.

மாறிய நீர் உண்டு. 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் யூரேயும் அவர்தம் துணைவர்களும் ஹைட்ரஜனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து நோக்கியபோது, வழக்கமான கோடுகளின் அருகே மங்கலான வேறு கோடுகளைக் கண்டனர். அவை ஏறத்தாழ இரு மடங்கு எடையுள்ள ஹைட்ரஜனுக்கு உரியவை. அந்த ஹைட்ரஜனாலான நீரே கனநீர். அது 3.8 டிகிரி சென்டிகிரேடிலேயே உறைந்துவிடும். நீரில் மின்சாரம் பாய்ச்சினால் இலேசான ஹைட்ரஜன் விரைந்து வெளியேறும், கனமானது பின்தங்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டே 1933-இல் லூயிஸ் என்பார் ஏறக்குறையத் தூய கனநீரைத் திரட்டினார். நம் நாட்டின் முதற் கனநீர் ஆலையும் மின்பகுப்பின் துணைகொண்டு 1962-இல் பஞ்சாபின் நங்கலில் இயங்கத் தொடங்கியது.

பொய்யாய்ப் போன நீரும் உண்டு. 1960-களில் சோவியத் அறிஞர் டெரியாகின் குழுவினர், மயிரிழை போன்ற குவார்ட்ஸ் குழாய்களில் புதுவகை நீர் தோன்றுவதாக அறிவித்தனர். 1969-இல் அமெரிக்க அறிஞர் சிலர், அதன் நிறமாலையும் புதியதே என்றனர். உலகமே வியந்தது. பின்னர் ரூசோ என்னும் அறிஞர் மனித வியர்வையின் நிறமாலையை எடுத்து ஒப்பிட்டார், இரண்டும் ஒத்திருந்தன! கலந்திருந்த மாசுகளே காரணம் என்பதை 1973-இல் டெரியாகினே ஒப்புக்கொண்டார்.

நிறமாலைக் கருவி பொய் சொல்லவில்லை. அது மிக நுண்மையானது. ஆதலால் நீரோடு அழுக்கையும் சேர்த்தே காட்டியது. மின்வினையிலும் அப்படியே. இன்வெர்ட்டர் பாட்டரிக்குக் குழாய்நீரை விடுத்துக் காய்ச்சி வடித்த நீரை நாம் வார்ப்பது எதனால்? குழாய்நீரில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும் என்பதனால் அன்றோ!

வாயிற்படிக்கு வரும் கருவியும் அவ்வுப்புகளின் துணையால்தான் நீரைக் காரமாக்குகின்றது. நீர் வேறு பொருளாவதில்லை. வயிற்றிலுள்ள அமிலத்தோடு கலந்ததும் அக்காரமும் தணிந்துவிடும்.

ஆகவே, பிள்ளைகளின் படிப்புக்கென்று சேர்த்த பணத்தை இதற்கு அளிக்குமுன், "மாறியது நீரா, அதில் கலந்ததா? அளந்து பார்த்தவர் யார்?" என்று கேட்போமாக. அப்படிக் கேட்கும் வழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாக.