எழுத்தைச் சீர்செய்த அதிகாரி

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூர் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையை நோக்குங்கள். வங்க எழுத்திலே அப்பெயரின் முதலெழுத்து யகரம். ஆயினும் வங்காளிகள் அதனை ஜகரமாகவே ஒலிக்கின்றனர். யாதவர் அங்கே ஜாதவர் ஆகின்றனர். அவ்வெழுத்தின் கீழே ஒரு புள்ளி இட்டால், அது யகரத்தை ஒத்த ஒலியைத் தரும். புள்ளி பெற்ற அவ்வெழுத்துக்கு நெடுங்கணக்கிலே தனியிடம் தந்தவர் ஈசுவரசந்திர வித்தியாசாகரர்.

கற்றறிந்தோர் அரசுப் பணியும் ஆற்றி, எழுத்துக்கலையிலும் சிறந்து விளங்குதல் கொரிய நாட்டின் பழைய மரபு. கிம் ஜோங்-ஹுயி (1786-1856) என்பார் அவ்வகையில் தமக்கென ஒரு தனி எழுத்துநெறியே கண்டவர். அவருடைய தூரிகை கற்றோர் கண்ணுக்கு விருந்தளித்தது. வித்தியாசாகரரோ, அரசுப் பணியில் இருந்துகொண்டே, எழுத்தைக் குழந்தைகளுக்கு எளிதாக்க முனைந்தார்.

1820இல் மேதினிப்பூர்ப் பகுதியில் பீர்சிங்கம் என்னும் சிற்றூரில் வறிய குடும்பத்திலே பிறந்தவர் அவர். இளமையில் தந்தையாருடன் கல்கத்தாவுக்கு நடந்து வருகையில், வழியிலிருந்த மைல்கற்களைக் கண்டே ஆங்கில எண்களைக் கற்றார் என்பர். 1851இல் சமஸ்கிருதக் கல்லூரியின் தலைவரானார். 1855இல் பள்ளிகளின் ஆய்வாளர் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

அவ்வாண்டிலேயே ‘வர்ணபரிசயம்’ என்னும் அரிச்சுவடியை வெளியிட்டார். வங்கமொழியில் வழங்காத நெட்டுயிர்கள் இரண்டை நீக்கினார். உயிரெழுத்துக்கள் நம் தமிழிற்போல 12 ஆயின. உயிரோடு வைக்கப்பட்டிருந்த அனுஸ்வாரத்தையும் விசர்க்கத்தையும் மெய்யோடு சேர்த்தார். கீழ்ப்புள்ளி பெற்ற எழுத்துக்கள் மூன்றினைத் தனியே எண்ணினார். நாவில் வழங்குவதே ஏட்டிலும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. எகர ஏகாரங்களை வரிவடிவிலே வேறுபடுத்திய வீரமாமுனிவரை அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

அரிச்சுவடி பெண்குழந்தைகளின் கையையும் அடைய வேண்டுமன்றோ? 1857-58இல் அவர் 35 பெண்பள்ளிகளைத் திறந்தார். அவற்றின் செலவை ஏற்க அரசாங்கம் தயங்கியது. மேலதிகாரியோடும் கருத்து வேற்றுமை முற்றியது. மாதம் 500 ரூபாய் ஊதியம் தந்த பணியை 1858இல் துறந்தார். ஆனால் பள்ளிகளைத் துறந்தாரில்லை. நன்கொடை திரட்டி அவற்றுக்கு உதவினார்.

1891இல் வித்தியாசாகரர் மறைந்தார். ஆய்வாளர் பதவி அவரிடம் மூன்றாண்டே இருந்தது. அவர் வகுத்த நெடுங்கணக்கோ, பெரும்பாலும் அவ்வண்ணமே, இன்றும் வங்கக் குழந்தைகளின் நாவிலே பயில்கிறது.