மனித வெறுப்பு

(கோயமுத்தூர் ஜில்லாக் கிராமமொன்றில் நடந்த கூட்டத்தில் பேசியது)



நம்மைச் சிலர் மனிதர்களை வெறுப்பவர்கள் என்கிறார்கள். ஆதலால் அந்த வார்த்தையையே இன்று கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

கிரேக்க பாஷையில் "மிசோஸ்" என்றால் வெறுப்பு. "ஆந்த்ரோபோஸ்" என்றால் மனிதன். இவ்விரண்டும் சேர்ந்துண்டானதே ஆங்கிலத்தில் "மிஸாந்த்ரோப்பி" என்று வழங்கும் மனித வெறுப்பு. அது எப்படி உண்டாகிறதென்பதைச் சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே பிளேட்டோ, சாக்ரட்டீஸ் பேசுவதாக எழுதி வைத்திருக்கிறார். மனித சுபாவத்தை அறியாமல் ஒருவனை முழுக்க நம்பி ஏமாந்து, பிறகு இன்னொருவனிடமும் ஏமாந்து, முடிவில் எவனிடத்திலும் யோக்கியதை இல்லையென்று எல்லோரையும் வெறுப்பதே அது என்பது அவர் அபிப்பிராயம்.

அந்த வெறுப்புக்காவது ஏமாந்தது என்று ஒரு காரணம் இருக்கிறது. நம் நாட்டு வெறுப்புக்கு என்ன காரணம்? நம் காட்டை உழுது நமக்குச் சோறு போடுகிறவன் நம்மை எப்போது ஏமாற்றினான்? பிறந்த குழந்தையை, அதன் முகத்தைப் பார்க்கும் முன்பே வெறுக்கிறோமே! அதற்கு வெறுப்பு என்றாவது பெயர் வைத்தோமா? "தீண்டாமை" என்று வைத்தோம். தீண்ட மறுப்பவன் யாரென்று அவ்வார்த்தை சொல்லுவதில்லை. "தீண்டத்தகாதவன்" என்னும்போதோ, குற்றமே தள்ளப்பட்டவன் மேல் போய்விடுகிறது. திருட்டுக் கொடுத்தவனையே திருடன் என்பது போலல்லவா இது?

எறும்புக்கு அரிசிமாவு போடுகிறோம். மாட்டுக்குப் பொங்கல் வைக்கிறோம். மனிதனுக்கு மாத்திரம் டீக்கடையில் தனி டம்ளர் வைத்தோம்!

1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு, தீண்டாமை ஒழிக்கப்பட்டதாகச் சொல்லுகிறது. ஆனால் 2019 டிசம்பர் 2-ந் தேதி விடியுமுன், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் மழையில் ஒரு மதில் இடிந்து, அதையொட்டிய வீடுகளில் தூங்கிக் கொண்டிருந்த தாழ்த்தப்பட்ட மக்கள் 17 பேர் மாண்டார்கள். அங்குள்ள ஜனங்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சொன்னார்கள்.

இவற்றையெல்லாம் கண்டு நம் தோழர்களிலேயே சிலர் சலித்துப்போய், "இந்த ஜனங்கள் திருந்தவே மாட்டார்கள்" என்கிறார்கள். அங்கேதான் நாம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். கிரேக்கர் சொன்ன வியாதியின் முதல் அறிகுறி அதுதான். மிக நல்லவர்களும் மிகக் கெட்டவர்களும் கொஞ்சம் பேரே. பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவிலிருப்பவர்கள் என்பதும் அதே நூலில் இருக்கிறது. நடுவில் நிற்கிறவனிடம் எடுத்துச் சொன்னால் இந்தப் பக்கம் வரக்கூடும். அவனையும் வெறுத்துவிட்டால் நாம் யாரிடம் போய்ப் பேசுவது?

ஆகவே தோழர்களே! நாம் வெறுப்பது வழக்கத்தையே ஒழிய மனிதனையல்ல. தீண்டாமையை இனி மனித வெறுப்பு என்று அதன் சரியான பெயரிட்டே சொல்லுவோம். தோட்டம் உள்ளவர்கள் நாளைக் காலையில் வேலைக்கு வருகிறவரை வீட்டுக்குள் அழைத்து, தாங்கள் குடிக்கும் சொம்பிலேயே தண்ணீர் கொடுக்கட்டும்.