ரிப்போர்ட்டுல ரெண்டு எண் இருக்குதுங்க

ஆண்டு விழாவுல பேசறவங்க மாட்டுக் கடன் வாங்கினது, தையல் மெஷின் வாங்கினது, அதுல முன்னேறினதுன்னு பேசுவாங்க. என்னை என் பையனைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. காரணம் இதுதானுங்க. எங்க ஊர்ல மூணு பேரு தனித்தனியா என்னைக் கட்டுத்தரைப் பக்கம் கூப்பிட்டு, "உன் பையனை எங்க காட்டுனே, அந்தச் சீட்டுல என்னதான் எழுதியிருந்துது?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. மூணு பேரு மெதுவாக் கேக்கறாங்கன்னா, கேக்காம இருக்கறவங்க இன்னும் எத்தனை பேரோ. அதனால மைக்குலயே சொல்லிப்போடறேன்.

என் சின்னவனுக்கு மூணு வயசு எட்டு மாசம் ஆகறப்ப, வாயில இருந்து வந்தது பத்துப் பன்னெண்டு வார்த்தைதான். ம்மா, ப்பா, தா, காக்கா. மாட்டைப் பார்த்தா ம்பா. மத்ததுக்கெல்லாம் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுவான். எங்க அத்தை வசம்பைச் சுட்டு நாக்குல தடவினாங்க. குலசாமிக்கு மணி கட்டறதா வேண்டிக்கிட்டாங்க. "இவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசுனான், நீ சும்மா இரு அம்மிணி"ன்னாங்க. வசம்பு வேண்டாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, நிறுத்தியாச்சு. மணி இன்னும் பாக்கி. அது அத்தைக்கும் சாமிக்கும் இருக்கற கணக்கு, நான் தலையிடறதில்லை.

பால்வாடிக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை வேன்ல டாக்டர் குழு வருமில்லீங்களா, 2013-ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே. திட்டம், அவங்கதான் பையனைப் பார்த்துட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. பொறந்ததுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளைப் பார்க்கற திட்டம் அது. எடை, ரத்தசோகை மட்டுமில்ல, வளர்ச்சி தாமதமாகறதையும் பார்ப்பாங்க. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே இருக்கற மையத்துக்கு, டி.இ.ஐ.சி.ன்னு சொல்றாங்க, அங்க போகச் சொன்னாங்க.

அங்க பேச்சைப் பார்க்கறதுக்கு முன்னாடி காதைப் பார்த்தாங்க. நான் கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கறான், காது நல்லாத்தானே கேக்குதுன்னேன். ஒரு பக்கம் மட்டும் கேக்கற குழந்தையும், சில சத்தம் மட்டும் விட்டுப்போற குழந்தையும் கூப்பிட்டாத் திரும்புவாங்கன்னு சொன்னாங்க. பெரான்னு ஒரு டெஸ்ட். குழந்தை தூங்கறப்ப தலையில ஒயரை ஒட்டி எடுக்கணும். அதனால முந்தின ராத்திரி லேட்டாத் தூங்க வெச்சு, வெடியால நேரத்துலயே எழுப்பி, ஆஸ்பத்திரி போற வரைக்கும் தூங்க விடாமக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கிணத்துக்கடவுல பஸ் ஏறி உக்கடம் வர்ற வரைக்கும் அவன் கண்ணு சொருகச் சொருக நான் கிச்சுகிச்சு மூட்டிட்டே வந்தேன். பஸ்ஸுல ஒரு பெரியம்மா, "தூங்கற குழந்தையை ஏன் இந்தப் பாடு படுத்தறே?"ன்னு என்னைத் திட்டினாங்க. காது ரெண்டும் சரியா இருந்துது. கேக்கலைன்னு வந்திருந்தாலும் வழி இருக்குதுங்க. மெஷின் இருக்குது. ஆறு வயசுக்குள்ள இருக்கற குழந்தைன்னா, தேவைப்பட்டா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே காதுக்குள்ள வெக்கற கருவிக்கு ஆபரேசன் பண்றாங்க. அதனாலதான் வயசு ஏற விடாமக் காட்டச் சொல்றது.

அப்புறம் பேச்சு டெஸ்ட். ஊசி, மாத்திரை எதுவும் இல்லை. பொம்மையை வெச்சுட்டு விளையாடறாங்க. "கரண்டியைக் கப்புக்குள்ள போடு"ன்னு கையைக் காட்டாமச் சொல்லிப் பார்க்கறாங்க. படத்தைக் காட்டி "எது தூங்குது?"ன்னு கேக்கறாங்க. என்கிட்டயும் முக்கா மணி நேரம் கேள்வி. கடைசியா ரெண்டு பக்கத்துக்கு ஒரு பேப்பர் கொடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷ்ல. நான் பத்தாவது. எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன், அர்த்தம்தான் பிடிபடலை. அங்க ஒருக்கா விளக்கமாத்தான் சொன்னாங்க. ஆனா வெளிய நாப்பது பேரு உக்காந்திருக்கறப்ப, மடியில பையன் அழுதுட்டு இருக்கறப்ப, என்ன காதுல ஏறும்?

பொழுதோட வீட்டுக்காரர் வந்து விளக்கு வெளிச்சத்துல வெச்சுப் படிச்சாரு. அதுல 16-18 மாசம்னு போட்டிருந்துது. "நம்ம பையனுக்கு ஒன்றரை வயசுன்னு போட்டிருக்காங்க"ன்னு சொல்லிட்டு சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாரு. அத்தை அழுக ஆரம்பிச்சுட்டாங்க. நான் வட்டலைக் கழுவி வெச்சுட்டு அந்தப் பேப்பரை அரிசி டப்பா மேல வெச்சேன். அந்த வாரம் முழுக்க வீட்டுல யாரும் அதைத் தொடலை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே பேப்பரை எடுத்துட்டுப் போய், பேச்சுப் பயிற்சி கொடுக்கற மேடம்கிட்ட வரி வரியாக் கேட்டேன். நான் சொல்ல வந்த விசயமே இதுதானுங்க. அதுல ஒரு எண் இல்லை, ரெண்டு எண். ஒண்ணு, நாம பேசறதை எந்த வயசுக் குழந்தையாட்டம் புரிஞ்சுக்கறான். என் பையனுக்கு அது 30-33 மாசம். இன்னொண்ணு, எந்த வயசுக் குழந்தையாட்டம் பேசறான். அதுதான் 16-18 மாசம். எங்க வீட்டுக்காரர் படிச்சது ரெண்டாவது வரியை மட்டும். பையனோட அறிவுக்குப் போட்ட மார்க்கும் இல்லை அது. வாய்க்கு வந்து சேர்ந்த மொழி இவ்வளவு, அவ்வளவுதான். ரெண்டு எண்ணுக்கும் நடுவுல ஒண்ணேகால் வருசம் இருக்குது பாருங்க, அத்தனையும் அவன் உள்ள இருக்குது, வெளிய வரலை. அவன் போசியைத் தூக்கி வீசறதுக்கும் தலையைத் தரையில முட்டறதுக்கும் காரணம் அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. தெரிஞ்சதைச் சொல்ல முடியலைன்னா நமக்கே எப்படி இருக்கும்!

இந்த மாசக் கணக்கு தராசுல நிறுத்தாப்பல துல்லியம் இல்லைன்னும் மேடம் சொன்னாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரிஞ்சுக்கத்தான் அது. மூணே முக்கால் வயசுப் பையன்னு நினைச்சு நான் நீளநீளமாப் பேசிட்டு இருந்தா அவனால திருப்பிச் சொல்ல முடியாது. ஒன்றரை வயசுக்குப் பேசறாப்பல ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தையாப் பேசச் சொன்னாங்க. அவன் "ம்பா"ன்னா நான் "ம்பா வருது"ன்னு ஒண்ணு சேர்த்துச் சொல்லணும். "சொல்லு, சொல்லு"ன்னு பிடிச்சு வெச்சுக் கேக்கக் கூடாது. பாலா, கஞ்சியான்னு ரெண்டையும் காட்டிக் கேட்டுட்டு, மனசுக்குள்ள பத்து எண்ணற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கணும். இருக்கறதுலயே கஷ்டம் அந்தப் பத்துதானுங்க. எங்க அத்தைக்கு நாலு எண்ணறதுக்குள்ள மனசு கேக்காது, கஞ்சியை ஊத்திக் கொடுத்துருவாங்க. செல்போனை அவன் முழிச்சிருக்கற நேரத்துல அலமாரி மேல வெச்சுட்டோம். இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கலை. பால் கறக்கறப்ப, சீமாறு எடுக்கறப்ப, குளிப்பாட்டறப்ப, எல்லாம் நடக்கற வேலையோடதான்.

ஒரு பள்ளிக்கூடத்துல எல்.கே.ஜி. சேர்க்கப் போனப்ப, வீட்டுல இங்கிலீஷ் பேசுங்க, பேச்சு வந்தப்புறம் கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. இங்கிலீஷுக்கு நான் எங்க போறது? மேடம்கிட்டக் கேட்டா, உங்களுக்கு எது வாய் நிறைய வருமோ அதுல பேசுங்கன்னாங்க. ரெண்டு மொழி கேக்கறதால எந்தக் குழந்தைக்கும் பேச்சு நின்னு போறதில்லையாம். நம்ம குழுக்கள்ல வீட்டுல தெலுங்கு, கன்னடம் பேசறவங்க நெறையப் பேரு இருக்கீங்க. உங்க பாஷையை விட்டுறாதீங்க.

எங்க நங்கையா, மைசூருக்குக் கூட்டிட்டுப் போன்னாங்க. அங்க 1965-ல ஆரம்பிச்ச பேச்சுக்கும் காதுக்குமான பெரிய நிறுவனம் இருக்குது, மத்திய அரசோடது. திம்பம் வழியாப் போயிட்டு வர ரெண்டு நாள் ஆகும். எங்களுக்கு வாராவாரம் போற இடம்தான் வேணும்னு கோயமுத்தூரே போதும்னுட்டோம்.

வாராவாரம் போக முடிஞ்சது குழுவாலதானுங்க. டவுன் பஸ்ஸுல எனக்கு டிக்கெட் இல்லை. ஆனா செவ்வாய்க்கிழமை ரெண்டு மாட்டுப் பாலைக் கறந்து சொசைட்டிக்கு ஊத்த ஆள் வேணுமே. எங்க ஊக்குநர் அக்கா பதினோரு மாசம் ஊத்தினாங்க. தீர்மான நோட்டுல 6,000 ரூபா உள்கடன், காரணம் 'மருத்துவம்'னு எழுதினாங்க. வீட்டுக்காரர் தேங்கா உரிக்கப் போகாம என்கூட வந்த நாளுக்கெல்லாம் அதுதான் அரிசி வாங்குச்சு.

இன்னொரு பயத்தையும் சொல்லிடறேன். பேப்பர் வந்துட்டா ஊனம்னு முத்திரை குத்திருவாங்க, நாளைக்குப் பொண்ணு கொடுக்க மாட்டாங்கன்னு எங்க அத்தை சொன்னாங்க. இந்த ரிப்போர்ட் வேற, மாற்றுத்திறனாளி சான்று வேற. 2016 சட்டத்துல 21 வகை இருக்குது, பேச்சும் மொழியும் அதுல ஒண்ணு. ஆனா அதுக்குத் தனியா டாக்டர்கள் பார்த்து, நிரந்தரக் குறைன்னு முடிவு பண்ணி, சதவீதம் போடணும். தாமதம்னு எழுதினதுக்கெல்லாம் கார்டு வந்துராது. வேணுங்கற குழந்தைக்கு அந்தக் கார்டு பெரிய உதவி. வாங்கறதுல ஒரு வெக்கமும் இல்லை, என் பையனுக்குச் சொல்லியிருந்தா நானும் வாங்கியிருப்பேன்.

பத்து மாசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட் எடுத்தாங்க. புரியறது 42-45 மாசம், பேசறது 30-33 மாசம். பக்கத்து வீட்டுல, "இன்னும் ஒன்றே முக்கா வருசம் பின்னாடிதானே இருக்கான்"னாங்க. நான் நம்ம குழுக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவனுக்கு வயசு ஏறிட்டே இருக்குதுல்ல, அது வட்டியாட்டம். பத்து மாசத்துல பத்து மாசம் பேச்சு ஏறினா வட்டி மட்டும் கட்டினாப்பல. அவன் பதினஞ்சு மாசம் ஏறியிருக்கான். வட்டி போக அஞ்சு மாசம் அசல்ல கழிஞ்சிருக்குது. 26 மாசம் பாக்கி இருந்தது 21 ஆயிருக்குது. எல்லாக் குழந்தைக்கும் இப்படிக் கழியாதுங்க. எங்களோட உக்காந்திருக்கற ஒரு அம்மாவோட பையனுக்கு வட்டி கட்டறதே பெரும்பாடா இருக்குது. அந்த அம்மாவும் ஒரு வாரம் விடாம வர்றாங்க, பேச்சோட படம் காட்டிக் கேக்கறதுக்கும் பழக்கறாங்க.

இப்ப என்னவன் ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாவது. ர, ழ வராது. வெளியாளுக்குப் பாதிதான் புரியும். போன வாரம் எங்க அத்தைகிட்ட, "ஆத்தா, நீ பேசாத, நான் சொல்றேன்"னு சொன்னான். அத்தை ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டாங்க.

நான் இன்னும் செவ்வாய்க்கிழமை போயிட்டுத்தான் இருக்கேன். ரிப்போர்ட் கையில வெச்சுட்டுப் புரியாம இருக்கறவங்க, காட்டலாமா வேண்டாமான்னு இருக்கறவங்க, காலையில ஏழே கால் பஸ்ஸுக்கு வாங்க, சேர்ந்தே போலாம். குழந்தையோட பழைய சீட்டு, தடுப்பூசி அட்டை, ஆதார் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துக்குங்க. திங்க ஏதாச்சும் கட்டிக்குங்க, மத்தியானம் ஆயிரும்.